போட்ல ஃபிஷ் ஃபைண்டர் மாட்டுறது: வேலூர், ராணிப்பேட்டை பக்கம் ஏரிக்கும் அணைக்கும் போறவங்க அடிக்கடி கேக்கற கேள்விங்க

நம்ம பக்கம் ஃபைபர் போட், காத்தடிக்கிற போட், பரிசல்னு வெச்சுக்கினு தூண்டில் போட போறவங்க ஃபிஷ் ஃபைண்டர் வாங்கினதும் மொதல்ல கேக்கறது எல்லாம் ஸ்க்ரீனைப் பத்தித்தான். எத்தினி இன்ச்சு, கலரா, டச்சா, மேப் வருமா, இப்படி. ஆனா மெஷினோட உசுரே தண்ணிக்குள்ள இருக்கற அந்த கட்டை விரல் மொத்தத்துக்கு மேல கொஞ்சம் பெரிசா இருக்கற, சத்தத்தை அனுப்பி திரும்ப வாங்கற டிரான்ஸ்டியூசர்லதான் கீது. அத்த ஒழுங்கா மாட்டுனா சின்ன ஸ்க்ரீன் போதும், தப்பா மாட்டுனா எவ்ளோ பெரிய ஸ்க்ரீன் வெச்சாலும் வெறும் புள்ளிதான் கொட்டும். அதனால கீழ மாட்டுற விஷயத்தை நீளமாவே எழுதி இருக்கேன், பொறுமையா படிங்க.

இது இன்னாதான் பண்ணும்? மீன் எங்க கீதுன்னு காட்டிடுமா?

சத்தத்தை கீழ அனுப்பும், அது தரையில, மீன்ல, மரத்துல பட்டு திரும்பி வர்ற நேரத்தை கணக்கு பண்ணும், அவ்ளோதான். சோனார்னு சொல்றது இத்தத்தான். தண்ணியில சத்தம் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போவும், காத்துல போறதை விட நாலு மடங்குக்கு மேல. 30 அடி ஆழத்துக்கு போயி திரும்ப வர 0.012 செகண்டுதான் ஆவும், அத்தக்கூட அளந்து காட்டுது பாருங்க. மீனோட உடம்பு பெரும்பாலும் தண்ணி மாதிரியேதான், அதனால சதையில அவ்ளோவா எதிரொலி வராது, வயித்துக்குள்ள இருக்கற காத்துப்பையில பட்டுத்தான் பளிச்சுனு திரும்பும். கடல்ல போற விசைப்படகுக்காரங்க எக்கோ சவுண்டர்னு சொல்றது இதேதான். ஜப்பான்ல ஃபுருனோ கம்பெனி 1948ல மீன் பிடிக்கறதுக்குன்னே இத்த வேலைக்கு கொண்டு வந்தாங்க, அடிப்படை இன்னிக்கும் அதே.

ஆனா ஒண்ணு நல்லா மனசுல வெச்சுக்கோங்க, போட்டுக்கு நேர் கீழ இருக்கறத மட்டும்தான் காட்டும். முன்னாடி பத்தடி தள்ளி இருக்கற மீன் சாதா மெஷின்ல வராது.

நம்ம ஏரிங்களுக்கு இது தேவையா? நேரா சொல்லுங்க.

ஏரியைப் பொறுத்து. கீழ போற சத்தம் கூம்பு மாதிரி விரிஞ்சுக்கினே போவும். 20 டிகிரி கூம்புன்னா ஆழத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அகலம்தான் பாக்கும். அப்போ 6 அடி தண்ணியில 2 அடி வட்டம், 30 அடியில 10 அடி வட்டம். ஆறடி தண்ணியில ரெண்டடி வட்டத்துக்குள்ள இன்னா மீனை தேடப்போறீங்க, அதுவும் போட்டு நிழல் விழுந்ததுமே அங்க இருந்த மீன் நவுந்துடும். கிராமத்து சின்ன ஏரி, குளம், கழனி ஓரத்து குட்டைக்கு எல்லாம் இத்த வாங்காதீங்க, அந்த காசுல நல்ல ராடு வாங்குங்க.

காவேரிப்பாக்கம் ஏரி நெறஞ்சு 30 அடி கிட்ட நிக்கும்போது, குடியாத்தத்துக்கு மேல மோர்தானா அணையில, அப்பால பழைய வடஆற்காடு கணக்குல நம்மளோட இருந்த சாத்தனூர் அணையில, அங்க எல்லாம் இது நெஜமாவே உதவும். சாத்தனூர் முழு கொள்ளளவு மட்டம் 119 அடி, அந்த தண்ணிக்கு அடியில இன்னா கீதுன்னு கயிறுல கல்லு கட்டி விட்டு பாத்துக்கினு இருக்க முடியாது.

என் கருத்து, நம்ம தண்ணிக்கு இது மொதல்ல ஆழம் பாக்கற மெஷின், அப்பால தரை பாக்கற மெஷின், மீன் பாக்கறது மூணாவதுதான். பழைய ஓடை போற பள்ளம் எங்க, மதகு முன்னாடி குழி எங்க, கருவேல மரக் கட்டை எங்க நிக்குது, இது தெரிஞ்சா மீன் எங்க இருக்கும்னு நீங்களே சொல்லிடுவீங்க. மீன் பொம்மை காட்டும்னு மட்டும் நெனச்சு வாங்கறவங்கதான் ரெண்டே மாசத்துல விக்கறாங்க.

எந்த ஃப்ரீக்வன்சி வாங்கணும்? 50, 83, 200, 455, 800னு என்னென்னவோ போட்டு இருக்கான்.

50 கிலோஹெர்ட்ஸ் ஆழ்கடலுக்கு, நமக்கு வேணாம். 200 கிலோஹெர்ட்ஸ் நமக்கு சரியான நம்பர், படம் தெளிவா இருக்கும். 83 இருந்தா கூம்பு அகலமா விரியும், கம்பெனிக்கு கம்பெனி மாறும் ஆனா 50, 60 டிகிரி வரைக்கும் போவும், ஆழம் கம்மியான ஏரியில அதிக இடம் பாக்கலாம், ஆனா தரை கொஞ்சம் கலங்கலா தெரியும். 455, 800 எல்லாம் டவுன் ஸ்கேன், மரக்கட்டை கிளை கிளையா போட்டோ மாதிரி வரும், மீன் சின்ன சின்ன புள்ளியா வரும். சர்ப்னு (CHIRP) போட்டு இருந்தா ஒரே நம்பர்ல சத்தம் விடாம கம்மி ஃப்ரீக்வன்சில இருந்து அதிகம் வரைக்கும் இழுத்து விடுது, பக்கத்துல பக்கத்துல இருக்கற ரெண்டு மீனை பிரிச்சு காட்டும். 200 சர்ப்பும் ஒரு டவுன் ஸ்கேனும் சேந்து வர்ற சின்ன மாடல் ஒண்ணு போதும். ஜிபிஎஸ் மட்டும் கண்டிப்பா இருக்கணும், ஏன்னு கீழ சொல்றேன்.

ஃபைபர் போட்டு, பின்னாடி பலகை தட்டையா கீது. டிரான்ஸ்டியூசர் எங்க மாட்டணும்?

இதுதான் முக்கியமான கேள்வி. பின் பலகையில மாட்டுங்க, ஆனா எங்க வேணா இல்ல.

மொதல்ல போட்டை தண்ணியில விட்டு ரெண்டு பேரு ஏறி உக்காந்து தண்ணி எதுவரைக்கும் நிக்குதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டுக்கோங்க. கரையில வெச்சு பாத்து மாட்டுனா ஆளு ஏறுனதும் எல்லாம் மாறிடும். அப்பால மோட்டார் இருந்தா ப்ரொப்பெல்லர்ல இருந்து 15 இன்ச்சாவது தள்ளி இருக்கணும். முன்னாடி போவும்போது பின்னாடி இருந்து பாத்தா ப்ரொப்பெல்லர் கடிகாரம் சுத்தற பக்கமா சுத்துச்சுன்னா வலது பக்கம் மாட்டுங்க, ஏன்னா அந்தப் பக்கம் இலை கீழ நோக்கி இறங்குது, நுரை கம்மி. போட்டு அடியில நீளமா வரி, மேடு, ரிவெட் இருந்தா அதுக்கு நேர் பின்னாடி மாட்டவே கூடாது, போட்டு ஓடும்போது அதுல இருந்து காத்துக் குமிழி வரிசையா கிளம்பி நேரா டிரான்ஸ்டியூசர் மூஞ்சில அடிக்கும். சத்தத்துக்கு காத்துதான் எமன். ஒரு மெல்லிசு காத்துப் படலம் இருந்தாக்கூட சத்தம் அங்கயே திரும்பிடும், தண்ணிக்குள்ளயே போவாது.

உயரம் எவ்ளோன்னா, ஃபைபர் போட்டுக்கு டிரான்ஸ்டியூசர் அடிப்பாகம் போட்டு அடியை விட 3 மில்லிமீட்டர் கீழ, அலுமினிய போட்டுக்கு 10 மில்லிமீட்டர் கீழ. ரொம்ப கீழ இறக்குனா பாசி, வலை நூலு எல்லாம் மாட்டி இழுக்கும், மேல ஏத்துனா காத்து. மூஞ்சி தண்ணிக்கு சமமா படுத்து இருக்கணும், பக்கவாட்டுல சாஞ்சா ஆழமும் தப்பா வரும் மீனும் சிதைஞ்சு வரும். ஒரு சின்ன ரசமட்டம் வெச்சு பாத்துடுங்க, ஹார்டுவேர் கடையில கெடைக்கும்.

ஸ்க்ரூ எஸ்எஸ் போடுங்க. ஓட்டைக்குள்ள சீலன்ட் விடாம ஸ்க்ரூ முறுக்காதீங்க, பின் பலகைக்குள்ள ப்ளைவுட் இருக்கும், தண்ணி எறங்குனா உள்ளயே உளுத்துப்போயிடும், வெளிய ஒண்ணும் தெரியாது. பாத்ரூமுக்கு போடற சாதா சிலிக்கான் தண்ணிக்கு அடியில நாளடைவுல விட்டுடும், பாலியூரித்தேன் சீலன்ட்னு கேட்டு வாங்குங்க.

போட்டுல ஓட்டை போட மனசு வரல. வேற வழி?

கீது, ரெண்டு வழி. ஒண்ணு, காய் வெட்டற தடி பிளாஸ்டிக் பலகை இருக்குல்ல, வெள்ளையா, அத்த ஒரு துண்டு அறுத்து பின் பலகையில தண்ணி மட்டத்துக்கு மேலயே ரெண்டு ஸ்க்ரூல நிறுத்திட்டு, டிரான்ஸ்டியூசரை அந்த பலகையில மாட்டிக்கோங்க. நாளைக்கு ஏத்தி எறக்கணும்னாலும் புது மெஷின் வந்தாலும் பலகையிலதான் ஓட்டை விழும், போட்டுக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கு இதுதான் ரொம்ப புடிச்ச முறை.

இன்னொண்ணு உள்ளயே ஒட்டறது. அதுக்கு தனியா பதில் எழுதி இருக்கேன், கீழ பாருங்க.

போட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சா வேலை செய்யுமா?

கெட்டி ஃபைபர் மட்டும் இருக்கற எடத்துல செய்யும். சத்தம் ஃபைபரை ஊடுருவி போயிடும். ஆனா ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல தெர்மாக்கோலோ ஃபோமோ பலகையோ இருந்தா போவாது, ஏன்னா ஃபோம்னாலே உள்ள காத்துதான். அலுமினியம், மரத்துல இந்த வேலை ஆவாது.

ஒட்டறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க. ஒரு பிளாஸ்டிக் கவர்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி, டிரான்ஸ்டியூசரை அதுக்குள்ள வெச்சு, போட்டு உள் தரையில கொஞ்சம் தண்ணி தெளிச்சு அதுமேல அழுத்திப் புடிங்க. இதே எடத்துல வெளிய நேரா தண்ணிக்குள்ள விட்டு ஒரு தடவ பாருங்க. ரெண்டு ஆழமும் ஒண்ணா வந்து தரைக் கோடும் திடமா தெரிஞ்சா அந்த எடம் ஓகே. அப்பால அந்த எடத்தை உப்புக் காகிதம் போட்டு தேய்ச்சு சுத்தம் பண்ணி, மெதுவா காயற எபாக்சி ஊத்தி, டிரான்ஸ்டியூசரை லேசா திருகிக்கினே அழுத்துங்க, அடியில ஒரு குமிழி கூட நிக்கக்கூடாது. சீக்கிரம் காயற அஞ்சு நிமிஷ வகை வேணாம், குமிழி வெளிய வர டைம் கெடைக்காது. எம்-சீல் மாதிரி பிசையற மாவு வகையும் வேணாம், பிசையும்போதே காத்தை உள்ள சேத்துடும்.

இதுல ஒரு குறை கீது, தண்ணி சூடு காட்டற சென்சார் போட்டு ஃபைபரோட சூட்டைத்தான் காட்டும். டவுன் ஸ்கேனும் பெரும்பாலும் மங்கிடும். பழைய 200 கிலோஹெர்ட்ஸ் சோனார் மட்டும் போதும்னா தாராளமா ஒட்டலாம்.

எங்க கிட்ட பரிசல்தான் கீது. அதுல மாட்ட முடியுமா?

நல்லாவே முடியும், சொல்லப்போனா பரிசல் மெதுவா போறதால படம் சுத்தமா வரும். மூங்கில் பரிசல்ல உள்ள ஒட்டறது மட்டும் ஆவாது, மூங்கில் பத்தைக்கும் மேல சுத்துன ஷீட்டுக்கும் தாருக்கும் நடுவுல எல்லாம் காத்துதான். வட்டமா செய்யற ஃபைபர் பரிசல்னா மேல சொன்ன மாதிரி உள்ளயே ஒட்டிக்கலாம்.

மூங்கில் பரிசலுக்கு இப்படி பண்ணுங்க. ஒண்ணேகால் இன்ச்சு பிவிசி பைப் மூணடி எடுத்து, கீழ ஒரு எல்போ, அதுல ஒரு ஜாண் துண்டு பைப், அந்த துண்டுல டிரான்ஸ்டியூசர் பிராக்கெட்டை ரெண்டு ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கிடுங்க. ஒயரை பைப்புக்கு உள்ள விட்டா அடிபடாது. மேல பரிசல் விளிம்புல ரெண்டு எடத்துல கட்டணும், ஒரே எடத்துல கட்டுனா தண்ணி தள்ளி பைப் சாஞ்சுடும். வெல்டிங் பட்டறையில ஒரு சி-கிளாம்ப் அடிச்சு வாங்கிக்கினா கட்டறதும் அவுக்கறதும் ஒரு நிமிஷ வேலை. டிரான்ஸ்டியூசர் தண்ணி மட்டத்துக்கு கீழ ஒரு சாண் இருக்கட்டும், பரிசல் அடி உப்பலா இருக்கறதால விளிம்பு ஓரமா மேலயே நின்னா பரிசலோட வயிறு சத்தத்தை மறைச்சுடும். கரைக்கு வர்றதுக்கு முன்னாடி பைப்பை மேல இஸ்துக்கோங்க, இத்த மறந்து பாறையில மோதி உடைச்சவங்க நெறைய பேரு.

பரிசல் சுத்துதே, படம் சுத்தாதான்னு கேக்கறாங்க. சுத்தாது. வட்டக் கூம்பு கீழ நேரா பாக்குது, பரிசல் எப்படி சுத்துனாலும் அதே எடம்தான். டவுன் ஸ்கேன் மட்டும் மெல்லிசு பட்டையா பாக்கறதால சுத்தும்போது கொஞ்சம் குழம்பும், அப்போ சோனார் பக்கத்தை பாருங்க.

காத்தடிக்கிற போட்டுக்கு?

அதே பிவிசி பைப்தான், ரெண்டு கொக்கிக்கு நடுவுல ஒரு பலகை கட்டி அதுல மாட்டுங்க. கிளாம்ப் முனை ரப்பர்ல உரசாம சைக்கிள் ட்யூப் சுத்திடுங்க.

பேட்டரி எது? பைக் பேட்டரி இருந்தா போதுமா?

பைக் பேட்டரி ஒரு நொடி பலமா இழுத்து ஸ்டார்ட் பண்றதுக்கு செஞ்சது, நாள் முழுக்க மெதுவா கொடுக்கறதுக்கு இல்ல, சிலதுல ஆசிடும் கசியும். யுபிஎஸ்ல வர்ற 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் மூடின பேட்டரி வாங்குங்க, ஆற்காடு, ராணிப்பேட்டை, வேலூர் எங்க வேணா கெடைக்கும்.

கணக்கு இப்படி. 4 இன்ச் மெஷின் கால் ஆம்பியர் கிட்ட சாப்பிடும், 5 இன்ச் மாடலைப் பொறுத்து அரையில இருந்து ஒரு ஆம்பியர் வரைக்கும், பெரிய ஸ்க்ரீன் அதுக்கும் மேல. ஈய பேட்டரியை பாதிக்கு மேல காலி பண்ணா சீக்கிரம் செத்துடும், அதனால 7ல மூணரைதான் உங்க கணக்குக்கு. 0.7 ஆம்பியர் மெஷின்னா 5 மணி நேரம். விடிகாலை போயி வெயில் ஏர்றதுக்குள்ள வந்துடறவங்களுக்கு இது தாராளம். நாள் பூரா இருப்பேன்னா லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12 வோல்ட் வாங்குங்க, எடை பாதிக்கும் கம்மி, பெரும்பங்கு காலி பண்ணாலும் ஒண்ணும் ஆவாது, ஆனா சார்ஜர் தனி, பழைய ஈய பேட்டரி சார்ஜர்ல குத்தாதீங்க.

நம்ம ஊர் சித்திரை வெயில்ல பூட்டுன கார் டிக்கியில பேட்டரியை போட்டு வெக்காதீங்க, எந்த பேட்டரியா இருந்தாலும். போட்டுல ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள வெச்சு நிழல்ல தள்ளிடுங்க.

ட்ரோலிங் மோட்டார் (பேட்டரியில ஓடற சின்ன போட் மோட்டார்) பேட்டரியிலயே கனெக்ஷன் எடுத்துக்கலாமா?

வேணாம். மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் விழும், மெஷின் ஆஃப் ஆகி ஆன் ஆவும், அதோட மோட்டாரோட ஸ்பீடு கன்ட்ரோல் போடற எலக்ட்ரிக் இரைச்சல் ஸ்க்ரீன் பூரா மழை மாதிரி கோடு கோடா விழும். தனி சின்ன பேட்டரிதான் இதுக்கு ஒரே தீர்வு.

ஒயரிங்ல இன்னா கவனிக்கணும்?

பாசிட்டிவ் ஒயர்ல பேட்டரிக்கு பக்கத்துலயே இன்லைன் ஃபியூஸ், எத்தினி ஆம்பியர்னு உங்க மெஷின் புக்குல இருக்கும், சின்ன மாடலுக்கு பெரும்பாலும் 3 ஆம்பியர். ஃபியூஸ் இல்லாம மாட்டறதும் ஃபியூஸ் போன எடத்துல கம்பி சுத்தறதும் தண்ணி நடுவுல தீ புடிக்க வெக்கற வேலை, தயவு செஞ்சு பண்ணாதீங்க. ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு போதும். முனையை முறுக்கி டேப் சுத்தாம லக் வெச்சு நசுக்கி ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. டிரான்ஸ்டியூசர் ஒயரை மோட்டார் ஒயரோட சேத்து ஒரே கட்டா கட்டாதீங்க, போட்டோட எதிர் பக்கமா ஓட்டுங்க.

டிரான்ஸ்டியூசர் ஒயர் 20 அடி கீது, என் போட்டே 10 அடி. வெட்டி சுருக்கிடலாமா?

வெட்டவே கூடாது. உள்ள ஷீல்டு பின்னல் இருக்கு, திரும்பி வர்ற சிக்னல் ரொம்ப ரொம்ப சின்னது, ஒட்டுப் போட்ட எடத்துல இரைச்சல் ஏறும், ஈரமும் ஏறும். மீதியை எட்டு போட்ட மாதிரி மடிச்சு டை போட்டு வெச்சுக்கோங்க.

மொத நாள் தண்ணியில இறக்குனதும் இன்னா செட்டிங் வெக்கணும்?

மொதல்ல டெமோ மோட் ஆஃப் ஆகி இருக்கான்னு பாருங்க. காவேரிப்பாக்கத்துல நின்னுக்கினு 90 அடி ஆழம், பெரிய பெரிய மீன் போவுதுன்னா டெமோதான் ஓடுது.

அப்பால தண்ணி வகையில நன்னீர்னு வெச்சுக்கோங்க, உப்புத்தண்ணி கணக்கு வேற. அளவு அடியிலயா மீட்டர்லயான்னு பாத்துக்கோங்க. ஆழத்தை ஆட்டோல விட்டுடுங்க, ஆனா ஆழம் கம்மியான எடத்துல அது துள்ளிக்கினே இருந்தா கையால 0 டு 20, 0 டு 40னு பூட்டிடுங்க. சென்சிட்டிவிட்டியை ஆட்டோல தொடங்கி, ஸ்க்ரீன்ல அங்கங்க மெல்லிசா தூசி தெரியற வரைக்கும் ஏத்திட்டு ஒரு படி எறக்குங்க, தூசியே இல்லாத சுத்தமான ஸ்க்ரீன்னா மீனையும் சேத்து துடைச்சுட்டீங்கன்னு அர்த்தம். டிரான்ஸ்டியூசர் ஒரு அடி கீழ இருந்தா அந்த ஒரு அடியை ஆழத்துல சேக்கற ஆஃப்செட் கீது, அத்த போட்டுக்கோங்க.

ஸ்க்ரீன்ல வளைவு வளைவா வருதே, அதுதான் மீனா? எனக்கு நீளக் கோடுதான் வருது.

ஸ்க்ரீன்ல வலது ஓரம் மட்டும்தான் இப்ப நடக்கறது. மத்ததெல்லாம் ஏற்கனவே போனது. நடுவுல தெரியற மீனு இப்ப உங்க காலடியில இல்ல, அது முன்னாடி பாத்த மீன். பாதி பேருக்கு இந்த ஒண்ணு புரியாமதான் குழப்பம்.

மீன் கூம்போட ஓரத்துல நுழையும்போது தூரம் அதிகம், நேர் கீழ வரும்போது கம்மி, வெளிய போவும்போது மறுபடி அதிகம், அதுதான் வில்லு மாதிரி வளையுது. அதனால போட்டாவது மீனாவது நகரணும். நங்கூரம் போட்டு நின்னா, கீழ சொம்மா நிக்கற மீன் நீளக் கோடாத்தான் வரும், அதுவும் மீன்தான். வளைவோட நீளத்தை பாத்து பெரிய மீன்னு நெனைக்காதீங்க, மெதுவா போனா சின்ன மீனும் நீளமா வரும், தடிமனைத்தான் பாக்கணும்.

தரை கோடு தடியா பளிச்சுனு இருந்தா பாறை, மொரம்பு. மெல்லிசா மங்கலா இருந்தா வண்டல். கெட்டித் தரையில, காட்டற ஆழத்துக்கு ரெண்டு மடங்குல இன்னொரு மங்கல் கோடு வரும், சத்தம் ரெண்டு தடவ போயி வந்ததோட அடையாளம், பயப்படாதீங்க. நம்ம ஏரி வண்டல்ல இருந்து காத்துக் குமிழி கிளம்பும், அது கீழ இருந்து மேல சாய்வா போற கோடா வரும், அத்த மீனுன்னு நெனச்சு தூண்டில் போடறவங்க இருக்காங்க.

மீன் பொம்மை காட்டற ஃபிஷ் ஐடி வெக்கலாமா?

ஆஃப் பண்ணிடுங்க. கட்டை, பாசி, குமிழி எல்லாத்துக்கும் பொம்மை போடும். ஒரு வாரம் கஷ்டப்பட்டு நெஜ எதிரொலியை பாத்து பழகிக்கோங்க.

கட்லா, ரோகு, விரால், ஜிலேபி எல்லாம் தெரியுமா?

இனம் எல்லாம் சொல்லாது. ஆனா ஒவ்வொரு மீனும் எங்க நிக்கும்னு தெரிஞ்சா ஊகிக்கலாம். கட்லா மேல்மட்டத்துல மேயும், அங்க கூம்பு குறுகலா இருக்கும், மேல் இரைச்சலும் சேந்துக்கும், அதனால கட்லா நெறைய இருந்தும் ஸ்க்ரீன் காலியா இருக்கும். ரோகு நடுத்தண்ணி, அதுதான் நல்லா தெரியும். மிருகால் அடியில மேயும், தரையோட ஒட்டி இருந்தா தரைக் கோட்டோடவே கலந்துடும், கெளுத்தியும் அப்படித்தான், சரிவான தரையில இன்னும் மோசம்.

விராலுக்கு இந்த மெஷின் வேணவே வேணாம். அது மேல வந்து காத்தை குடிக்கற மீன், கரை ஓரத்து பாசியிலயும் கோரையிலயும் ரெண்டு மூணு அடி தண்ணியில நிக்கும், அங்க போட்டே போவாது. கண்ணுதான் அதுக்கு.

கோடையில சாத்தனூர் மாதிரி ஆழமான தண்ணியில மேல சூடு, கீழ குளிர்னு ரெண்டு அடுக்கா பிரிஞ்சுடும். சென்சிட்டிவிட்டி ஏத்துனா நடுவுல மங்கலா ஒரு பட்டை நேரா ஓடும், அதுதான் அடுக்கு மாறற எடம். அதுக்கு கீழ ஆக்சிஜன் கொறைஞ்சு போறதால மீன் பெரும்பாலும் அதுக்கு மேலயே நிக்கும். 60 அடி ஆழம்னு அடி வரைக்கும் தூண்டிலை விடாம பட்டைக்கு மேல 20 அடியோ 25 அடியோ எங்க காட்டுதோ அங்க நிறுத்துங்க. இந்த ஒரு தகவலுக்காகவே மெஷின் வாங்கலாம்.

நின்னா ஆழம் காட்டுது, ஓட்டுனா நம்பர் காணாம போவுது, மினுக்குது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்ல, குமிழி. டிரான்ஸ்டியூசரை 3 மில்லிமீட்டர் எறக்கி பாருங்க, பின்பக்கம் ஒரு நூல் அளவு தாழ்த்தி பாருங்க, அப்பவும் போவலன்னா இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளுங்க. இதுக்குத்தான் பிளாஸ்டிக் பலகை வெக்க சொன்னேன். மோட்டாரை ஆஃப் பண்ணி துடுப்புல தள்ளும்போது சரியா வந்து, மோட்டார் ஆன் பண்ணா நின்ன எடத்துலயே கோடு விழுதுன்னா அது குமிழி இல்ல, எலக்ட்ரிக் இரைச்சல், ஒயரை பிரிச்சு ஓட்டுங்க. நின்னாக்கூட ஒண்ணும் வரலன்னா டிரான்ஸ்டியூசர்ல ஆகாயத்தாமரை வேர் சுத்தி இருக்கா பாருங்க, அப்பால பின் கனெக்டர்ல ஊசி வளைஞ்சு இருக்கா பாருங்க.

போட்டே இல்ல, கரையில இருந்துதான் தூண்டில் போடறேன்.

பந்து மாதிரி எறியற வயர்லெஸ் சோனார் கெடைக்குது, தூண்டில் நூல்ல கட்டி வீசி மெதுவா சுத்துனா போன்ல படம் வரும். நெட் வேணாம், அதுவே வைஃபை கொடுக்கும். நம்ம ஏரிங்க கரைப் பக்கம்தான் ஆழம், உள்வாய் பக்கம் போகப்போக மேடு, அதனால கரையில நின்னு வீசறவங்களுக்கு இது நல்லாவே பயன்படும். மதகு முன்னாடி, கடவாசலுக்கு (நெறஞ்ச ஏரியில மிச்சத் தண்ணி வழியற எடம்) உள்பக்கம் நாலஞ்சு வீச்சு வீசுனா குழி எங்கன்னு தெரிஞ்சுடும். ஏரி கோடி போவும்போது மட்டும் கடவாசல் கிட்ட போவாதீங்க, இழுப்பு எவ்ளோன்னு மேல தெரியாது. பாலாத்துல 2021 நவம்பர்ல வந்த வெள்ளத்தை பாத்தவங்களுக்கு சொல்ல வேண்டியது இல்ல. வெயில்ல போன் ஸ்க்ரீன் தெரியாது, சூடாயி ஆஃப்பும் ஆவும், ஒரு துண்டு தலையில போட்டு நிழல் பண்ணிக்கோங்க.

ஜிபிஎஸ் கண்டிப்பா வேணும்னு சொன்னீங்களே, இத்துனூண்டு ஏரிக்கு எதுக்கு?

வழி தேடறதுக்கு இல்ல. நம்ம ஏரிங்க வத்தற ஏரிங்க. வாலாஜா பக்கம் பாலாறு அணைக்கட்டுல இருந்து கால்வாயில தண்ணி வந்தாத்தான் காவேரிப்பாக்கமும் மகேந்திரவாடியும் நெறையும், மழை பொய்ச்ச வருஷம் வைகாசியில ஏரிக்குள்ள மாடு மேயும். அந்த நேரம் மெஷினையும் சின்ன பேட்டரியையும் ஒரு பையில போட்டுக்கினு, இல்ல போன்லயே, ஏரிக்குள்ள நடந்து போங்க. கருவேல மரம் வெட்டுன கட்டை, மண்ணு எடுத்த குழி, பழைய ஓடைத் தடம், பாறை, ஒவ்வொண்ணுலயும் நின்னு ஒரு பாயின்ட் போட்டு வெச்சுக்கோங்க. ஐப்பசி கார்த்திகையில தண்ணி நெறஞ்சதும் அதே பாயின்ட்டுக்கு நேரா போட்டை ஓட்டுனா, பத்தடி பதினஞ்சடிக்கு கீழ அந்த கட்டையும் குழியும் அங்கயே இருக்கும். கடல்காரனுக்கும் பெரிய அணைக்காரனுக்கும் இந்த வசதி கெடைக்காது, ஏரி வெச்சு இருக்கற நமக்கு மட்டும்தான் அடித்தரையை கால்ல நடந்து பாக்கற வாய்ப்பு. தயவு செஞ்சு இத்த பண்ணுங்க, எந்த செட்டிங்கும் இதுக்கு ஈடு இல்ல.

யாரையாவது கேட்டுட்டு எறங்கணுமா?

கண்டிப்பா. ஏரி மீன் பாசியை ஏலம் எடுத்தவங்க குஞ்சு விட்டு காசு போட்டு வளக்கறாங்க, அவங்களை கேக்காம தூண்டில் போடறது தப்பு. சாத்தனூர் அணை மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் வழியா நடக்குது, அணைக்குள்ள உங்க சொந்த போட்டை எறக்க அனுமதி இல்லாம போவாதீங்க. எங்க போனாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்க, நீச்சல் தெரிஞ்சாலும், ஏரிக்கு அடியில முள்ளும் கட்டையும் இருக்கறத மெஷினே உங்களுக்கு காட்டி இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இன்னா பராமரிப்பு?

டிரான்ஸ்டியூசர் மூஞ்சியை ஈரத்துணியில சோப்பு தண்ணி தொட்டு துடைங்க, பாசி வழவழப்பு ஒட்டி காஞ்சா சிக்னல் கொறையும். தின்னர், பெட்ரோல் தொடாதீங்க, பிளாஸ்டிக் வெளிறி வெடிச்சுடும். கனெக்டரை காய வெச்சு மூடியைப் போடுங்க. ஈய பேட்டரியை வந்த அன்னிக்கே சார்ஜ்ல போடுங்க, காலியா வெச்சா கெட்டுடும், ஏரி வத்தி போவாம கெடக்கற மாசத்துலயும் மாசம் ஒரு தடவ சார்ஜ் பண்ணுங்க.